முதுமையின் கணக்கில் எழுதப்படும் குடிநோய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியவர்கள் கீழே விழுந்து எலும்பு முறித்துக்கொள்வதைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வழுக்கும் குளியலறை, மங்கிய பார்வை, சுண்ணாம்புச் சத்துக் குறைவு, இரவில் விளக்கில்லாத நடை என்று காரணங்கள் எடுத்துச் சொல்லப்பட்டிருந்தன. அவை அனைத்தும் உண்மையே. ஆனால் கொங்குப் பகுதி அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி, அதில் பெரும்பகுதியை ஆண்கள் பொதுப் பிரிவிலும் எலும்பு முறிவுப் பிரிவிலும் கழித்தவள் என்ற முறையில், அந்தக் கட்டுரையில் இடம்பெறாத ஒரு காரணத்தைப் பற்றி எழுத வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன். பல்லாண்டுகளாக அன்றாடம் தொடரும் குடிப்பழக்கமே அது.

இளவயதுக்காரர் குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்தால், குடியால் வந்த கேடு என்று ஊர் உடனே சொல்லிவிடுகிறது. அறுபதைக் கடந்தவருக்கு அவ்வாறு சொல்வதில்லை. அவருக்குக் கை நடுங்கினாலும், நடை தள்ளாடினாலும், காலையில் சொன்னதை மாலையில் மறந்தாலும், காரணமின்றி எரிந்து விழுந்தாலும், "வயசாயிருச்சுங்க சிஸ்டர், அப்படித்தான் இருக்கும்" என்று மகனும் மருமகளும் சொல்லி அமைந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறைகூற என்னால் இயலாது, ஏனெனில் என் தந்தையார் விஷயத்தில் நானும் அதையே செய்தேன். முதுமையால் வரும் தளர்ச்சியை எந்த மருத்துவராலும் நீக்க முடியாது. குடியால் வரும் தளர்ச்சியிலோ பெரும்பகுதியைத் தடுக்கலாம், ஒரு பகுதியை மீட்கவும் செய்யலாம். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடும்போது, மீட்கக் கூடியதும் கைவிட்டுப் போகிறது.

முதலில் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர், "நானெல்லாம் குடிகாரனுங்களா? தெனம் ஒரு குவாட்டர், அதுவும் ராத்திரிச் சோத்துக்கு முந்தி" என்று சொன்னால், கேட்பவர்களும் அதை மிதமான பழக்கமாகவே ஏற்றுக்கொள்வார்கள். ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி லிட்டர். நம் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம் வகைகளில் ஆல்கஹாலின் அளவு 42.8 சதவீதம். கணக்கிட்டுப் பார்த்தால் அந்தச் சிறிய பாட்டிலுக்குள் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. 65 வயதைக் கடந்தவர்கள், அதுவும் நல்ல உடல்நலத்துடன் எந்த மருந்தும் உட்கொள்ளாதவர்கள், வாரத்துக்கு 7 அளவுக்கு மேல் குடிக்கக் கூடாது என்று அமெரிக்க அரசின் மதுப்பழக்க ஆய்வு நிறுவனம் பரிந்துரைத்தது. ஓர் அளவுக்கு 14 கிராம் என்று வைத்தால், ஒரு வாரம் முழுவதற்கும் 98 கிராம். நம் பெரியவர் இரண்டே இரவுகளில் அதைத் தாண்டிவிடுகிறார். உடல்நலத்துக்குக் கேடு செய்யாத மது அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே அறிவித்தது.

நாற்பது வயதில் தாங்கிய அதே குவாட்டரை எழுபது வயதில் உடல் தாங்காது என்பதற்குக் காரணம் எளியது. ஆல்கஹால் உடலிலுள்ள நீரில் கரைந்து பரவுவது. இளவயது ஆணின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் நீர். வயதாக ஆகத் தசை கரைந்து கொழுப்பு கூடுவதால் நீரின் பங்கு குறைந்துகொண்டே போகிறது. ஆகவே குடிக்கும் அளவு மாறாவிட்டாலும் இரத்தத்தில் ஏறும் ஆல்கஹாலின் செறிவு கூடுகிறது. அதைச் சிதைத்து வெளியேற்ற வேண்டிய கல்லீரலும், அதன் தாக்கத்தை ஏற்க வேண்டிய மூளையும் முன்போல் இருப்பதில்லை. "முப்பது வருசமாக் குடிக்கறேன், ஒண்ணும் ஆகலை" என்ற பேச்சில், அந்த முப்பது ஆண்டுகளில் குடித்தவரின் உடல் வேறாகிவிட்டது என்ற உண்மை விடுபட்டுப் போகிறது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட விரும்புகிறேன். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக 1937 அக்டோபர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான் என்பதையும், கள் இறக்க அனுமதி வேண்டும் என்று நம் பகுதி உழவர்கள் நெடுநாளாகக் கேட்டு வருவதையும் நான் அறிவேன். கடை வேண்டுமா வேண்டாமா, கள் நல்லதா கெட்டதா என்ற வழக்குக்குள் இக்கடிதம் போகவில்லை. மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் நிறுவனம் ஏற்றுக்கொண்டது 2003 நவம்பரில். அன்று 40 வயதாக இருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். ஏற்கெனவே இருபது, முப்பது ஆண்டுகள் குடித்துவிட்டு முதுமைக்குள் காலெடுத்து வைத்திருக்கும் ஒரு தலைமுறை, நாளை கடைகள் அனைத்தும் மூடப்பட்டாலும், மருத்துவமனைக்கு வந்துதான் தீரும். அவர்களைப் பற்றியதே என் கவலை.

என் தந்தையார் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் விளைவித்தவர். பண்ணையம் பார்த்த காலத்தில், ராத்திரி முறைத்தண்ணி பாய்ச்சிவிட்டு வந்த களைப்புக்கு என்று தொடங்கிய பழக்கம், நிலத்தை அண்ணன் கையில் ஒப்படைத்த பிறகு பொழுது சாய்ந்தால் குடித்தே ஆக வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. அவர் யாரையும் அடித்ததில்லை, தெருவில் விழுந்து கிடந்ததில்லை. அதனாலேயே அவரைக் குடிநோயாளி என்று எங்களில் ஒருவரும் எண்ணவில்லை. தமது 71-ஆம் வயதில் ஒரு நாள் விடியற்காலையில் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு வெளியே கட்டுத்தறிப் பக்கம் போனவர் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். சேர்க்கைப் படிவத்தை நிரப்பிய இளம் மருத்துவர், பேரன் பேத்திகள், சம்பந்தி வீட்டார் என்று பத்துப் பேர் சூழ்ந்து நின்ற இடத்தில், "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டார். "விசேஷத்துக்கு எப்பவாச்சும் ஒரு வாய், அவ்வளவுதானுங்க" என்றார் அண்ணன். அருகில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த விடை பொய் என்பதும், அந்தப் பொய்யால் என்ன நேரும் என்பதும் அந்தக் கூட்டத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். பெற்ற அப்பாவை அத்தனை பேர் முன்னால் குடிகாரர் என்று எப்படிச் சொல்வது என்று நான் வாய் திறக்கவில்லை.

அறுவை சிகிச்சை குறையின்றி முடிந்தது. மூன்றாம் நாள் இரவு அவர் போர்வையை விரல்களால் கிள்ளிக் கிள்ளி எதையோ பொறுக்கத் தொடங்கினார். பிறகு, "வாய்க்கா ஒடஞ்சிருச்சு, மம்முட்டி எடுத்துட்டு வா சாமி" என்று கூவியபடி, ஆணி வைத்த காலோடு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். உடல் முழுவதும் வேர்வை, நாடித் துடிப்பு எண்ண முடியாத வேகம். அமாவாசையன்று விழுந்ததால் காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று அத்தை மந்திரித்த கயிறு வாங்கிவர ஆள் அனுப்பினார். இரவுப் பணியில் இருந்தவர்கள் மயக்க மருந்தின் விளைவாக இருக்கும் என்று எண்ணித் துணியால் இரு கைகளையும் கட்டிலோடு கட்டினார்கள். இரவு இரண்டு மணிக்கு நான் மருத்துவரைத் தனியே அழைத்து, முப்பது ஆண்டுகளாகத் தினம் ஒரு குவாட்டர், கடைசியாகக் குடித்தது விழுவதற்கு முந்தின இரவு என்று சொன்னேன். அரை மணி நேரத்துக்குள் சிகிச்சை மாறியது. அமைதிப்படுத்தும் ஊசியும் வைட்டமின் பி1 ஊசியும் போட்டு, இரத்த அழுத்தத்தை மணிக்கு மணி பார்த்து, நான்கு நாளில் அவரைத் தெளிய வைத்தார்கள். சேர்த்த அன்றே நான் பேசியிருந்தால் அந்த நான்கு நாளும் நேர்ந்திருக்காது.

நேர்ந்தது என்னவென்றால், ஆல்கஹால் மூளையை மந்தப்படுத்தும் பொருள். நாள்தோறும் அது உள்ளே வந்துகொண்டிருந்தால், அந்த மந்தத்தை ஈடுகட்ட மூளை எப்போதும் தன்னை முடுக்கியே வைத்துக்கொள்ளப் பழகிவிடும். திடீரென்று மது நின்றுபோனால் மந்தம் நீங்கிவிட, முடுக்கம் மட்டும் எஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வேர்வையும், முதல் இரண்டு நாள்களுக்குள் சிலருக்கு வலிப்பும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாததைக் காணும் சித்தக் குழப்பமும் வருவது இதனால்தான். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள முதியவருக்கு இந்த நிலை உயிரையே பறிக்கக் கூடியது. முன்பே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்துத் தடுத்துவிடக் கூடியதும் இதுவே. எலும்பு முறிவுப் பிரிவில் நான் பணியாற்றிய ஆண்டுகளில், சேர்ந்த மூன்றாம் நாள் குழம்பிய பெரியவர்களின் உறவினரை வெளியே அழைத்துப்போய்க் கேட்டபோதெல்லாம், பெரும்பாலும் எனக்குக் கிடைத்தது ஒரே விடைதான்.

இதனாலேயே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோயிலில் கயிறு கட்டிவிட்டோம், இன்றோடு நிறுத்தட்டும் என்று தந்தையை அறைக்குள் வைத்துப் பூட்டும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எண்ணம் நல்லது, வழி ஆபத்தானது. பல்லாண்டுகள் அன்றாடம் குடித்தவர், அதிலும் முதியவர், மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அதற்கான மனநலப் பிரிவும் மருந்தும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மறதியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் முதுமையின் பெயரில் மிகுதியாக மறைந்துபோவது அதுதான். எங்கள் உறவில் பெரியப்பா முறையான ஒருவர், தம் எழுபதுகளில், "காலையில பெருந்துறைச் சந்தைக்குப் போயி எருமையை வித்துட்டு வந்தேன்" என்று விலை உட்பட விவரமாகச் சொல்வார். அந்த எருமை விற்று இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று காலை அவர் திண்ணையை விட்டு இறங்கவே இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. நினைவில் விழுந்த பள்ளத்தை மூளை தானாகவே பழைய செய்திகளை இட்டு நிரப்பிக்கொள்ளும் இந்த நோயை ரஷ்ய மருத்துவர் கோர்சகோவ் 1880-களின் இறுதியிலேயே எழுதி வைத்தார். அதற்கு முந்திய கட்டத்தை, அதாவது திடீர்க் குழப்பம், கண் அசைவில் கோளாறு, கால் அகட்டித் தள்ளாடும் நடை ஆகியவை சேர்ந்து வரும் நிலையை, ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கே 1881-இல் விளக்கினார். இரண்டுக்கும் வேர் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைவு. உடலில் அதன் சேமிப்பு சில வாரங்களுக்கே வரும். குடி அதைக் குடலில் உறிஞ்சவிடாமல் தடுப்பதோடு, குடிப்பவரின் பசியையும் கொன்றுவிடுகிறது. கம்மஞ்சோறும் கொள்ளும் நிலக்கடலையும் நிறையத் தயமின் உள்ள உணவுகள். அவற்றை உண்டு வளர்ந்த மனிதர், கடைசிக் காலத்தில் தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றில் இரண்டு கவளமும் ஊறுகாயுமாக இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார்.

இதில் நம் ஊர்களுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. பெரியவர் சோர்ந்து கிடந்தால், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வந்துரும்" என்று அருகிலுள்ள கிளினிக்குக்கு அழைத்துச் செல்வது வழக்கம். குளுக்கோஸை உடல் பயன்படுத்தத் தயமின் தேவை. தயமின் வற்றிப்போன உடலில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், எஞ்சியிருக்கும் கொஞ்சமும் செலவாகி, சோர்ந்திருந்தவர் குழம்பிப் போகக்கூடும். தயமினை முதலிலோ உடனோ கொடுக்க வேண்டும் என்பதை மருத்துவர்கள் அறிவார்கள். ஆனால் குடிப்பழக்கத்தை மறைத்துவிட்டால் அவர்களுக்கு அந்த எண்ணமே வராது. விலை மிகக் குறைந்த ஓர் ஊசி அது. அதை உரிய நேரத்தில் போட்டால் மீளக்கூடிய குழப்பம், நாள் கடந்துவிட்டால் நிலைத்த மறதியாகிவிடுகிறது.

இனி, கட்டுரையில் பேசப்பட்ட விழுதலுக்கே வருகிறேன். நெடுநாள் குடி, உடலை நிலைநிறுத்தும் சிறுமூளையைச் சுருக்குகிறது. கால் நரம்புகளைக் கெடுப்பதால் பாதம் மதமதத்து, செருப்பு நழுவியது கூடத் தெரியாமல் போகிறது. எலும்பின் அடர்த்தியையும் குறைக்கிறது. எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதும், இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவதும் இவற்றோடு சேர்கின்றன. ஆகவே குளியலறைக்குச் சொரசொரப்பான தரை போடுவது நல்லதே என்றாலும், குடிக்கும் முதியவருக்கு அது மட்டும் போதாது.

விழுந்தபோது தலையில் அடிபட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சுருங்கிய மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையில் வெற்றிடம் கூடுவதால், அவற்றை இணைக்கும் மெல்லிய இரத்த நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. நிலைப்படியில் இடித்துக்கொண்ட சிறு அடியே அவற்றில் ஒன்றைக் கிழித்துவிடலாம். கல்லீரல் கெட்டவருக்கு இரத்தம் எளிதில் உறையாது. இதயத்துக்காக ஆஸ்பிரின் விழுங்குபவர் என்றால் கேட்கவே வேண்டாம். இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தன்னைக் காட்டும். பெரியவர் பகலெல்லாம் தூங்குவார், ஒரு காலை இழுத்து நடப்பார், பேச்சுக் குழறும். வீட்டார் அதையும் போதை என்பார்கள், இல்லையென்றால் வயது என்பார்கள். ஒரு சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும் இதை, மண்டையோட்டில் சிறு துளையிட்டு இரத்தத்தை வடித்துப் பெரும்பாலானோரைக் காப்பாற்றிவிடலாம். கைத்தாங்கலாக அழைத்து வரப்பட்டு, பத்து நாளில் தாமே நடந்து பேருந்தேறிப் போன முதியவர்களை நான் கண்டிருக்கிறேன். வீட்டிலேயே வைத்திருந்து, கடைசியில் மூச்சு மட்டும் இருக்கும் நிலையில் கொண்டுவரப்பட்டவர்களையும் கண்டிருக்கிறேன்.

சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர்கள் நிலை தனியே சொல்லத்தக்கது. சாப்பிடாதபோது இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் கல்லீரல் தன் இருப்பிலிருந்து கொடுத்துச் சமாளிக்கும். ஆல்கஹாலைச் சிதைக்கும் வேலையில் இருக்கும் கல்லீரலால் அதைச் சரியாகச் செய்ய முடியாது. இன்சுலின் போட்டுக்கொண்டோ, கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டோ, வெறும் வயிற்றில் குடித்துவிட்டுப் படுக்கும் முதியவரின் சர்க்கரை நள்ளிரவில் அபாய அளவுக்கு இறங்கிவிடும். உடல் சில்லிட்டு வேர்த்து, கூப்பிட்டால் குழறி, நினைவு தப்பிக் கிடப்பார். போதையில் தூங்குகிறார் என்று அனைவரும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். குடித்தவர் கூப்பிட்டும் எழவில்லை என்றால் அவருடைய சர்க்கரையைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர் தூங்கப் போக வேண்டும் என்று நான் வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன். தூக்க மாத்திரையோடு குடித்தால் மூச்சு அடங்கிப் போகலாம். மூட்டுவலி மாத்திரையோடு குடித்தால் இரைப்பையில் புண்ணாகி இரத்தம் கசியலாம், மலம் தார்போல் கறுத்துப் போவது அதன் அறிகுறி. உடம்பு வலிக்காக மாத்திரையும் அதே வலிக்காகக் குவாட்டரும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் தறித் தொழிலாளர்கள் சோமனூரிலும் பல்லடத்திலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கல்லீரல் இறுகுவது, வயிற்றில் நீர் கோப்பது, இரத்த வாந்தி ஆகியவற்றைப் பொதுமக்கள் ஏற்கெனவே அறிவார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகிப் பக்கவாதம் வரக் காரணமாவதையும், வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல் ஆகிய இடங்களில் புற்றுநோயை உண்டாக்குவதையும் அவ்வளவாக அறியார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. புகையிலையும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றின் வாய்ப்பு பல மடங்காகிறது.

முதியவர்கள் எல்லோரும் இளமையிலிருந்தே குடித்து வந்தவர்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. மனைவியை இழந்த பிறகு, நிலத்தைப் பிரித்துக் கொடுத்த பிறகு, பிள்ளைகள் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய் வீடு வெறிச்சோடிய பிறகு, எழவு வீட்டிலும் கெடா விருந்திலும் மட்டும் தொட்டதை நாள்தோறும் தொடத் தொடங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர்கள் சிகிச்சைக்கு நன்றாகவே இசைகிறார்கள் என்பது என் அனுபவம். முதியவர்கள் இளையவர்களைவிடக் குறையாமல் திருந்துகிறார்கள் என்பதை மருத்துவ ஆய்வுகளும் காட்டுகின்றன. "இந்த வயசுல நிறுத்தி என்னாகப் போகுது" என்ற சொல்லுக்கு என் தந்தையாரே விடை. அந்த மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் அவர் வாழ்ந்த ஐந்து ஆண்டுகளும் குடிக்கவில்லை. கை நடுக்கம் மூன்று மாதத்தில் நின்றது. இரத்த அழுத்த மாத்திரை பாதியாகக் குறைந்தது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவில்லை, பெயர்களை மறப்பதும் முழுவதாகத் தீரவில்லை. ஆனால் அவரைச் சாகும்வரை வதைக்கும் என்று நாங்கள் எண்ணியிருந்த முன்கோபம் போய்விட்டது. அதையும் வயதின் குணம் என்றுதான் அதுவரை சொல்லி வந்தோம்.

மருத்துவத் துறையினருக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். மருமகளும் பேரனும் நிற்கும் இடத்தில் எந்தப் பெரியவரும் உண்மை சொல்லமாட்டார், எந்த மகனும் சொல்லவிடமாட்டான். திரையை இழுத்துவிட்டு அருகில் உட்கார்ந்து கேளுங்கள். "குடிப்பீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "ஒரு நாளைக்குக் கட்டிங்கா, குவாட்டருங்களா? கடைசியா எப்போ?" என்று கேட்டால் பெரும்பாலும் உண்மை வந்துவிடும், நான் கண்டறிந்த வழி இது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வரும் பெண் ஊழியர்கள் முதியவர்களை நன்கறிந்தவர்கள். மாத்திரை கொடுக்கும்போதே இந்தக் கேள்வியையும் கேட்க அவர்களுக்குப் பயிற்சி தரலாம். பிள்ளைகளுக்கு நான் சொல்வது, மருத்துவரிடம் மறைப்பதைப் பெற்றவருக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணாதீர்கள் என்பதே. நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் செவிலியர் கையில் கொடுத்துவிடுங்கள். குடியிலிருந்து மீள்வது பற்றி 14446 என்ற தேசிய உதவி எண்ணிலும், பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104-லும் பேசலாம்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ காப்பியிலோ கலந்து கொடுத்தால் குடியை மறக்கச் செய்யும் பொடி என்று விளம்பரங்கள் சுவரிலும் துண்டறிக்கையிலும் சில இதழ்களிலும் வருகின்றன. அத்தகைய பொடிகளில் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. மதுவோடு சேர்ந்தால் உடலைப் புரட்டிப்போடும் டைசல்பிரம் என்ற மருந்தை, மருத்துவர்கள் நோயாளியின் முழு ஒப்புதலோடு, இதயத்தைப் பரிசோதித்த பிறகே தருகிறார்கள். அது போன்ற ஒன்றை இதய நோயுள்ள ஒரு முதியவருக்குத் தெரியாமல் கலந்து கொடுத்து, அன்றிரவு அவர் வழக்கம்போல் குடித்தால் உயிர் போகலாம். அவ்வகை விளம்பரங்களுக்குத் தங்கள் நாளிதழ் என்றும் இடம் தரக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதியோரின் குடிநோய் பற்றிப் பொதுமருத்துவர் ஒருவரையும் மனநல மருத்துவர் ஒருவரையும் கொண்டு தங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். எங்கள் ஊர் டீக்கடைக்குத் தங்கள் நாளிதழ்தான் வருகிறது, அதைக் காலையில் முதலில் எடுப்பவர்கள் இந்தப் பெரியவர்களே. இயலுமானால் அந்தக் கட்டுரையை மட்டும் சற்றுப் பெரிய எழுத்தில் அச்சிடுமாறு வேண்டுகிறேன். அவர்களில் பலருக்குக் கண்ணாடி போட்டும் சிறிய எழுத்துத் தெரிவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்,
ஈரோடு மாவட்டம்.